குண்டனுக்கு வலது பக்கம்

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். படத்தில் குண்டன் நின்ற பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டால் உங்கள் உடம்புக்கு ஏதாவது வந்துவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டன் இடது பக்கம், ஒல்லியன் வலது பக்கம்.

ஒட்டடைப்பட்டியில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தது. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறையாவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்று காலண்டரில் போட்டிருந்தாலே கையைத் தேய்த்துக்கொள்கிற மனிதர் அவர். தன்னைப் போலவே தொப்பை வளர்த்த தவசியையும் இருளப்பனையும் கூட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போனார். மூவருக்கும் மோர் கொண்டுபோனது நான்.

ஜிம் மாஸ்டர் நல்ல மனிதர். "சுவத்துல படம் இருக்குண்ணே. அதைப் பாத்து அப்படியே செய்ங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முதல் படத்தில் ஒருவன் உடம்பெல்லாம் பளபளக்க, முறைத்துக்கொண்டு நின்றான்.

"வேர்வைப்பா" என்றார் தவசி.

"வேர்வைன்னா தொடைச்சிருப்பான்ல? எண்ணெய் தேச்சுட்டு நிக்கிறான். பொண்டாட்டி வெந்நி போட மறந்துட்டா. அதான் முறைக்கிறான்" என்றார் இருளப்பன்.

மூவரும் ஆளுக்குக் கால் லிட்டர் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இரும்பைத் தூக்கினார்கள். இரும்பு நழுவித் தவசியின் கால் விரலில் இறங்கியது.

இரண்டாவது படத்தில் வயிறு மட்டும் வரப்பு வரப்பாக இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"இந்த வேலைக்குத் தலை தேவையில்லை போல" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தத் தகுதி மூவருக்கும் பிறவியிலேயே உண்டு. ஆனாலும் துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடி, மூவரும் வரிசையாகக் கண்ணாடியில் முட்டினார்கள்.

மூன்றாவது படத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. இடது பக்கம் தொப்பையோடு ஒருவன் அழாத குறையாக நின்றான். வலது பக்கம் தொப்பையில்லாதவன் பல்லெல்லாம் தெரிய நின்றான். அந்தச் சுவரிலேயே சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

"ஒரே முகச்சாடை. அண்ணன் தம்பி" என்றார் இருளப்பன்.

"தம்பி ஏன் சிரிக்கிறான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவன் தொப்பை அண்ணனுக்குப் போயிருச்சு மச்சான். அண்ணன் இடது பக்கம் நின்னான், வாங்கிக்கிட்டான்."

தவசி கோட்டைத் தடவிப் பார்த்தார். "கோடு கிழிச்சுத் தடுத்துப் பாத்திருக்காங்க. அதையும் தாண்டிப் போயிருக்கு."

மறுநாள் காலை, தொப்பையை இடது பக்கம் தள்ளிவிட, மூவரும் தெருவில் தோளோடு தோளாக வரிசையாக நின்றார்கள். இடது ஓரம் அகப்பட்ட தவசி பயந்துபோய், ஓடிப்போய் வலது ஓரத்தில் நின்றார். இப்போது இருளப்பன் இடது ஓரம். அவரும் ஓடினார். பிறகு என் வீட்டுக்காரர். பிறகு மறுபடியும் தவசி. வரிசை இப்படியே நகர்ந்து பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, சந்தையைத் தாண்டி, கண்மாய்க் கரையில் முட்டியது. அங்கே மூவரும் திரும்பி நின்றார்கள். வலது கை வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. அப்படியே ஓடி வந்து சேர்ந்தார்கள். இரண்டு மாதம், தினமும் இதே கூத்து.

டாக்டர் எடை பார்த்தார். ஆறு கிலோ குறைந்திருந்தது. "ஊசி வேண்டாம். தினமும் ஓடுறீங்களா?"

"இல்லீங்க சார். சும்மா நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம்."

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய விவாதம். தவசிக்கும் ஆறு குறைந்திருந்தது, இருளப்பனுக்கும் ஆறு.

"பதினெட்டுக் கிலோ வெளிய போயிருக்கு மச்சான். யாரு மேல ஏறுச்சு?" என்றார் தவசி.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு இருளப்பன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏன் தங்கச்சி, மோர் கொண்டாந்தப்ப நீ எந்தப் பக்கம் நின்னே?"

தலையில்லாத முண்டங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று தீபாவளி ரவிக்கையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் சுவரில் எங்கள் கல்யாண போட்டோ. வலது பக்கம் அவர் சிரிக்கிறார். இடது பக்கம் அழாத குறையாக நான். இருபத்தாறு வருஷமாக அப்படியே நிற்கிறேன்.

அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து போட்டோவை நடுவில் வெட்டினேன். அவரைக் கூடத்தில் மாட்டினேன், என்னை அடுப்படியில். கோட்டைத் தாண்டினது சுவரையும் தாண்டுமா என்ன?

தாண்டினாலும் தாண்டும். அதனால் எனக்கு இடது பக்கம் ஓர் ஆணி அடித்து என் மாமியார் படத்தை மாட்டிவிட்டேன்.