தாலியை வாங்கி வரப் போனவர்

“பாஸ்டர், பேச்சித்தாய் தாலியைக் கழட்ட மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துக்கு அந்தம்மாவைச் சேர்க்கவா, நிறுத்தவா?”

கேட்டவர் அருமைநாயகம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு பாஸ்டரிடம் சபை ஊழியம் படிக்க வந்துவிட்டார். பயணிகள் கையில் டிக்கெட் தேடிய கண், இப்போது சபை வாசலில் காதிலும் கழுத்திலும் நகையைத் தேடியது. கெட்டவர் இல்லை. சட்டம் என்று ஒன்று இருந்தால் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

பாஸ்டர் ஸ்தேவான் அவரைவிட இளையவர். சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்போது வாளியில் சட்டையை அலசிக்கொண்டிருந்தார்.

“சபை ஒழுங்கு என்ன சொல்லுது, அண்ணாச்சி?”

“நகை போட்டவங்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. தாலியும் நகைதான்.”

“அப்போ போய் வாங்கிட்டு வாங்க.”

“நானா?”

“கழட்டணும்னு சொன்னது நீங்கதானே?”

“சபை வாசல்ல வச்சுச் சொன்னேன்.”

“வீட்டுல போய்ச் சொல்லுங்க. புருஷன் இருக்கும்போது சொல்லுங்க.”

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். பேச்சு முடிந்தது.

பேச்சித்தாயின் புருஷன் சுடலைமுத்து, லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பு ஒடிந்தவர். கட்டிலை விட்டு எழுந்து மாதக்கணக்காகிறது. அவர் சபைக்கு வருகிறவர் இல்லை. சுவரில் அவருடைய சாமி படம் அப்படியே மாட்டியிருந்தது. ஆனாலும் வாசலில் வந்து நின்ற அருமைநாயகத்தை “வாங்க சார்” என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

அருமைநாயகம் சுற்றி வளைக்கவில்லை. ஒழுங்கைச் சொன்னார். தாலியைக் கேட்டார்.

சுடலைமுத்து விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நான் செத்தாத்தான் சார் அதைக் கழட்டுவாங்கன்னு நெனச்சிருந்தேன்.”

பெண்டாட்டியைப் பார்த்தார்.

“சரி புள்ள, கொடுத்துரு. எனக்குப் பீ மூத்திரம் அள்ளுத கை உன் கை. எந்த வாயால நான் மாட்டேன்னு சொல்ல?”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார். உடம்பு திரும்பாது. முகம் மட்டும்தான் திரும்பியது.

பேச்சித்தாயின் கை கழுத்துக்குப் போனது. மஞ்சள் கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. அருமைநாயகம் கை நீட்டித் தடுத்தார்.

“வேண்டாம்மா. கையை எடுங்க.”

தன் வாய்தான் சொன்னதா என்று அவருக்கே சந்தேகம்.

“வாங்கிட்டு வந்தீங்களா?” என்றார் பாஸ்டர், திரும்பி வந்தவரிடம்.

“கொடுக்கத்தான் செஞ்சாங்க. நான் வாங்கல.”

“ஏன்?”

அருமைநாயகம் ஒரு பைபிள் வசனம் தேடினார். அவசரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“முடியல, பாஸ்டர்.”

“ம்.”

“ஞாயித்துக்கிழமை என்ன செய்யட்டும்? ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செஞ்சுருதேன்.”

“அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வந்தது நீங்க, அண்ணாச்சி. நான் போகல.”

அருமைநாயகத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. சேர் என்றால் சேர்க்கலாம், நிறுத்து என்றால் நிறுத்தலாம். இரண்டும் சொல்லாத மனுஷனிடம் என்னத்தைப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அருமைநாயகம் ஒவ்வொருவராகப் படித்துறையில் இறக்கிவிட்டார். கடைசியில் பேச்சித்தாய் வந்தார். வெள்ளைச் சேலைக்கு மேலே மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது.

கரையில் நின்ற சபை மூப்பர் கோபத்தில் குதித்தார். “என்ன அக்கிரமம் இது? யார் உத்தரவு?”

பாஸ்டர் உத்தரவு என்று ஒரு வார்த்தை போதும், மூப்பர் வாய் அடைத்துப்போகும். அருமைநாயகம் தண்ணீரில் நின்றவரைப் பார்த்தார். அவரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூப்பர் கேக்காருல்லா? சொல்லுங்க அண்ணாச்சி.”

சபையை விட்டே தள்ளிவிடுவார்கள் என்று அருமைநாயகத்துக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

“யார் உத்தரவும் இல்ல. நான்தான் கூட்டிட்டு வந்தேன். இந்தம்மா இப்படியே முழுகட்டும்.”

பாஸ்டர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கரையேறினார். வேட்டி நுனியைப் பிழிந்தார்.

“அப்போ இறங்குங்க, அண்ணாச்சி. நீங்களே ஞானஸ்நானம் கொடுங்க.”