மூன்று கூவல்

அந்தக் காலத்தில் மான்களுக்குப் பேச்சு உண்டு. அதிலும் புள்ளிமான்கள் சரியான வாயாடிகள். மலையடிவாரத்தில் ஒரு பெரும்பாறை, அதன் கீழே ஒரு புல்வெளி. அது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் சொந்தம். ஊர் மாடும் அங்கேதான் மேயும், மானும் அங்கேதான் மேயும், அந்த ஊர் வேட்டைக்காரன் கெம்பன் வேட்டைக்குப் போவதும் அங்கேதான்.

ஒளிந்து நின்று அம்பு விடுவது கெம்பனுடைய ஆட்களுக்குக் கேவலம். பாறைமேல் ஏறி நின்று "ஓ ஹோய்" என்று மூன்று தடவை கூவ வேண்டும். முதல் கூவலுக்குக் குட்டியுள்ள மான்கள் போய்விடும், இரண்டாவதற்குச் சினை மான்கள். மூன்றாவதும் கேட்டுவிட்டு எது அசையாமல் நிற்கிறதோ, அது வாழ்ந்தது போதும் என்று நிற்கிறது. அதை மட்டும் எய்யலாம்.

பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நிற்காது. கெம்பன் வெறுங்கையோடு இறங்குவான். அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒரு கொம்பு பாதியில் ஒடிந்த கிழட்டு ஆண்மான் ஒன்று இருந்தது, முறிகொம்பன் என்று பெயர். ஓட்டமெல்லாம் முடிந்ததும் அது நிதானமாகத் திரும்பி வந்து பாறையடியில் படுத்துக்கொள்ளும். இருவரும் மழையைப் பற்றி, ஊற்றைப் பற்றி, ஊர்வம்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். "இன்னிக்கும் வெறுங்கை. வீட்டுல உன் பொண்டாட்டி நஞ்சி உன்னைச் சும்மா விடமாட்டா மச்சான்" என்று அது கிண்டலடிக்கும். கெம்பன் வேட்டைக்கு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தானோ என்னவோ.

இரண்டு வருடம் மழை பொய்த்தது. கீழ்க்காட்டு நிலங்களில் விளைந்ததெல்லாம் கருகிப்போக, பாறையடியில் மட்டும் ஈரம் இருந்தது. ஊர் கூடி, பொதுவெளியை உழுது சாமை விதைப்பது என்று முடிவானது. கெம்பன் வீட்டுப் பானையும் காலிதான், அவனும் தலையாட்டினான்.

சாமை முளைத்தது. மான்கள் வழக்கம்போல வந்து வாய் வைத்தன. அவற்றுக்கு அது பழைய இடம்தானே. புல்லைத் தின்றபோது ஒருவரும் கேட்கவில்லையே, சாமையைத் தின்றால் மட்டும் திருட்டா என்று முறிகொம்பன் கேட்டது. அது நியாயம்தான் என்று கெம்பனுக்கும் பட்டது. ஆனாலும் ஊரிலேயே பெரிய தொண்டை அவனுடையது என்று காவலுக்கு அவனைத்தான் போட்டார்கள்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே கூவல்தான். அதே பாறையில் நின்று காலை முதல் பொழுது சாயும்வரை "ஓ ஹோய், ஓ ஹோய்" என்று கத்தினான். முதல் நாள் மான்கள் தலைதெறிக்க ஓடின. பத்து நாளில் நாலு எட்டுத் தள்ளிப்போய் மேய்ந்தன. கதிர் முற்றியபோது ஒன்றும் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கத்திக் கத்தி உன் தொண்டைதான் போச்சு மச்சான்" என்று முறிகொம்பன் சிரித்தது. கெம்பனும் சேர்ந்து சிரித்தான்.

அறுவடை முடிந்து புதுச்சாமை பொங்கும் நாள் வந்தது. பொங்கலோடு மான்கறி படைப்பது ஊர் வழக்கம். கெம்பன் வில்லோடு பாறை ஏறினான். கீழே அறுத்த தாளுக்குள் சிந்திய சாமையை மான்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. பாறைக்கு நேர் கீழே முறிகொம்பன்.

கெம்பன் கூவினான். நிறுத்தி இன்னொரு தடவை கூவினான். மூன்றாவதும் கூவினான். எதுவும் ஓடவில்லை.

குட்டியுள்ளதும் சினையும் ஏன் நிற்கின்றன என்று அவன் யோசித்திருக்கலாம். அவன் கண் முறிகொம்பனை விட்டு நகரவில்லை. கிழம் வாழ்ந்தது போதும் என்று நிற்கிறது என்றே அவன் நினைத்தான். நாலாவது தடவை கூவ வாய் வரை வந்தது. முறை மூன்றுதான். நிற்கிற மானை எய்யாமல் விடுவது அந்த மானுக்கே அவமானம். அவன் அழுதுகொண்டே அம்பை விட்டான்.

ஓடிவந்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்தபோது முறிகொம்பனுக்கு இன்னும் உயிர் இருந்தது.

"நீ வெரட்டுறேன்னுதானே நெனச்சேன் மச்சான்" என்றது.

அதுதான் கடைசி மான் பேச்சு. மற்ற மான்கள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டுக்குள் போய்விட்டன.

அடுத்த வருடம் அந்த வெளியில் ஏர் பூட்ட வேண்டாம் என்று கெம்பன் ஊர்க்காரர்கள் காலில் விழுந்தான். அவர்களும் உழாமல் விட்டுவிட்டார்கள். புல் திரும்ப வந்தது, மான்களும் வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை. வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தினமும் பாறையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிப் பார்த்தான். அவன் குரல் கேட்டதுமே அவை ஓடின. ஏதாவது ஒரு மான் திட்டியாவது ஒரு வார்த்தை சொல்லாதா என்று ஏங்கினான். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த பெண்மான் ஒன்று காட்டோரத்தில் நின்று கழுத்தைத் திருப்பியது. கெம்பன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அன்று முதல்தான் வேட்டைக்குப் போகிறவன் வாயைத் திறப்பதில்லை. மனிதக் குரல் கேட்டு ஓடும் மானும், காட்டுக்குள் நுழையுமுன் ஒருதரம் நின்று, இது விரட்டுகிற குரலா கொல்லுகிற குரலா என்று திரும்பிப் பார்க்கிறது.