நலம் விசாரித்த ஜைனபா

அன்று அந்த மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் இருந்தவர்கள்: மாவட்ட ஆணையர் மலாங், காவலர் இருவர், தன் பக்கம் கூட்டம் காட்ட ஆணையரே லாரியில் ஏற்றிவந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேர், எதிர்க்கட்சி வேட்பாளர் ஜைனபா. மறுநாள் தேர்தல். ஜைனபாவுக்கு ஊராரைச் சந்திக்க இந்த ஒரு வேளைதான் மிச்சம்.

“நலம் விசாரிச்சுக்கோ அம்மா. அரசியல் பேசினால் சிறைதான்,” என்று ஆணையர் சிரித்தார்.

எதை விசாரித்தாலும் “நலமே” என்று சொல்வதுதான் அங்கே மரபு. ஜைனபா நெஞ்சில் கைவைத்து ஆணையரிடமே தொடங்கினார்.

“பிள்ளைகள் நலமா, ஐயா?”

“நலமே.”

“வீட்டு மாடுகள்?”

“நலமே.”

“வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்?”

“நலமே.”

ஆறு மாதமாகக் குழாயில் காற்று மட்டுமே வரும் ஊர் அது. எல்லோரும் ஆணையரைப் பார்த்தார்கள்.

“இது அரசியல்!” என்று கத்தினார் ஆணையர்.

“தண்ணீர் வருதுன்னு சொன்னது நானா, ஐயா?”

“குடத்தை எடுங்கடி, ஆணையர் வீட்டுக்குப் போவோம்!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. கூட்டம் ஜைனபாவோடு நடந்தது. ஆணையருடன் நின்றது ஒரே ஒரு காவலர்.