நண்டு திறந்து வைத்த வாசல்

ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒருமுறை மணல் குறுக்கே படுத்துவிட்டது. முகத்துவாரம் அடைபட்டது. உள்ளே ஆற்று நீர் குளம்போலத் தேங்கிக் கிடந்தது.

அந்த நீரில் வயிறு நிறைய முட்டையோடு இறால் ஒன்று தவித்தது. அதன் இனம் வளர்வது இப்படி ஆறு கடலைத் தொடும் கழியில் என்றாலும் முட்டையிடுவது கடலில்தான். கழியில் இட்டால் ஒரு குஞ்சும் தேறாது.

"மணலண்ணே, கொஞ்சம் நகருங்களேன்."

"எனக்கென்ன காலா இருக்கு, தங்கச்சி? அலை கொண்டுவந்து போட்டான், கிடக்கிறேன்."

"ஆறு தள்ளியிருந்தா நான் ஏன் போடப்போறேன்?" என்று வெளியிலிருந்து கத்தியது அலை. "கோடை முழுக்கப் படுத்துத் தூங்கினது யாரு?"

"மழை பெய்யாம நான் எதை வச்சுத் தள்ள?" என்றது ஆறு.

மணல்மேட்டில் குடியிருந்த நண்டு வளையிலிருந்து கண்ணை நீட்டிச் சிரித்தது. "உயிரில்லாததுங்ககிட்டப் போய் வழி கேட்கிறியே, தாயி!"

"உயிருள்ளவர் நீங்க பண்ணுங்களேன்."

"நானா? எனக்கு வீட்டு வேலை கிடக்கு."

நண்டின் வளைக்கு இரண்டு வாசல். ஒன்று கடலைப் பார்த்தது, மற்றது ஆற்றைப் பார்த்தது. வானம் கறுத்ததும் நண்டு கடல் வாசலை மட்டும் மண் உருட்டி அடைத்தது. தண்ணீர் கடலிலிருந்துதான் ஏறும் என்பது அதன் கணக்கு. ஆற்று வாசலைக் காற்றுக்காகத் திறந்தே வைத்தது.

மலையில் மழை கொட்டியது. ஆறு பெருகியது. மணல் விடவில்லை. நீர் ஏறி ஏறி, திறந்த வாசலுக்குள் நுழைந்தது.

"ஏய், யாரது?"

"நான்தான், ஆறு. கதவு திறந்திருந்தது, வந்துட்டேன்."

கடல் வாசல் பிய்த்துக்கொண்டு போனது. வளை வாய்க்காலானது. வாய்க்கால் அகன்றது. மேடு சரிந்து கடலில் விழ, நுரையும் சேறுமாக ஒரே ஆரவாரம். மடவை மீன்கள் துள்ளின. கொக்குகள் பந்திக்கு முந்தின.

"திறந்தது நான்!" என்றது ஆறு.

"நான் மறிக்காட்டி நீ இவ்வளவு ஏறியிருப்பியா?" என்றது மணல்.

"நான் இழுக்காம மேடு கரைஞ்சிருக்குமா?" என்றது அலை.

மிதந்துபோன தேங்காய் மட்டையில் தொற்றிக்கொண்டு நண்டு கூவியது. "வீட்டைக் கொடுத்தவன் நான்! தாயி, நீயே சொல்லு, யாரால போனே?"

நால்வரும் வாய் மூடிக் காத்திருந்தார்கள்.

அலைகளுக்கு வெகுதூரம் அப்பால், உப்பு நீரின் ஆழத்தில், இறால் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.