உப்பு குறையாமல் பார்த்துக்கொண்ட கதை

குடுவை காலி. அதில் இருந்த பாக்டீரியாவும் காலி. நடந்தது அவ்வளவுதான்.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. உப்பு இல்லாவிட்டால் செத்துப்போகும் பாக்டீரியா ஒன்று உப்பளப் பாத்தியில் ரோஸ் நிறமாய் மிதந்தது. கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்னுமாம். சாயக்கழிவைத் தெளிய வைக்குமாம். உறுதியாகத் தெரிய, அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். படிக்கிற எந்திரம் சென்னையில். இரண்டு வருடம் காத்திருந்து வெள்ளிக்கிழமைக்கு இடம் வாங்கியிருந்தாள். தவறினால் இடம் வேறு ஆளுக்கு.

உதவிக்கு மூன்று மேதைகள்: சுடலைமணி, பிச்சையா, ஞானமுத்து. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்.

செவ்வாய்க்கிழமை பாத்தியில் தண்ணீர் எடுக்கும்போதே ஜெசிந்தாவுக்கு போன். எடுத்ததைக் குடுவையோடு அள்ளிக்கொண்டு அவசரமாக நிலையத்துக்குத் திரும்பினார்கள். போகும்போது நெருக்கியடித்த ஜீப்பில், வரும்போது சுடலைமணி தாராளமாகக் காலை நீட்டினான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"நான் மீட்டிங் போறேன். குடுவையில உப்பு குறையக் கூடாது, அடிக்கடி பார்த்துக்கோங்க. மேஜை மேல இருக்கிற எதையும் தொடாதீங்க."

உப்பை அளக்கும் கருவி மேஜை மேல்தான் இருந்தது. படித்தவள்.

"எப்படிவே பார்க்க?" என்றான் பிச்சையா.

"வீட்டுல குழம்புக்கு எப்படிப் பார்ப்ப?" என்றான் சுடலைமணி.

"கரண்டியில எடுத்து நாக்குல விட்டு."

"கரண்டி மேஜை மேலயா இருக்கு?"

"இல்ல. டிபன் டப்பாவுல."

"அப்ப தொடலாம்."

பார்த்தார்கள். பிச்சையா சரி என்றான். சுடலைமணி ஒரு மாத்து கம்மி என்றான். தீர்த்துக்கொள்ள ஆளுக்கு இன்னொரு கரண்டி. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி. கடமையில் குறை வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஜெசிந்தா வந்தாள்.

"குடுவை எப்படிய்யா காலியாச்சு?"

"உப்பு குறையல மேடம். கடைசிச் சொட்டு வரைக்கும் சரியா இருந்துச்சு."

தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். முந்தின இரவு மழை வேறு. பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர். ரோஸ் நிறமே போய்விட்டது.

"கவலப்படாதீங்க மேடம்," என்றான் பிச்சையா. "எல்லாம் எங்க வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு. எண்ணெயத் தின்னுதுங்கிறது நெசந்தான். நேத்து ஆறு வடை தின்னேன், ஏப்பமே இல்ல. எங்களையே அனுப்பிருங்க."

"சென்னைக்கு அனுப்புற ஐஸ் பெட்டியில ஒருத்தர்தான் உக்கார முடியும்," என்றான் சுடலைமணி. சொன்னதோடு நிற்காமல் பெட்டிக்குள் உட்கார்ந்தும் காட்டினான்.

அப்போதுதான் ஜெசிந்தா ஆட்களை எண்ணினாள். "ஞானமுத்து எங்கய்யா?"

"பாத்தியில. நீங்கதான மேடம், போன் வந்தப்ப ரெண்டாவது பாட்டில அவன்கிட்ட குடுத்து, 'நான் சொல்ற வரைக்கும் அசையாத, ஒரு சொட்டு மழை உள்ள போகக் கூடாது'ன்னீங்க?"

ஜீப் பறந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்றான் ஞானமுத்து. ஒரு கையில் பாட்டில், இன்னொரு உள்ளங்கை மூடி. உப்பளத்துப் பெண்கள் ஊட்டிய கஞ்சி தாடையில் காய்ந்திருந்தது. பாட்டிலுக்குள் ரோஸ் நிறம், பழுதில்லாமல்.

பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வெள்ளிக்கிழமை எந்திரம் படித்தது. எழுத்து எழுத்தாக, அத்தனையும். நிலையத்தில் கேசரி கொடுத்தார்கள்.

அசையலாம் என்று சொல்லத்தான் மறந்துவிட்டாள். அந்தப் பக்கம் போனால் பாருங்கள், இல்லாத பாட்டிலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒருத்தன் நிற்பான். காரியத்தைக் காப்பாற்றியவன் அவன்தான். பேர் ஞானமுத்து.