அந்தப் பக்கம் போங்க, உடும்பக்கா!

ஒரு காட்டோரத்து ஏரிக்கரையில் உடும்பு ஒன்று தன் வீட்டுக்காரரோடு வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு ஊற்றுக்குழி மட்டும் மிச்சம். பகல் முழுக்க ஊறினால்தான் சாயங்காலம் அதில் கொஞ்சம் தண்ணீர் தேறும். முதலில் குடிப்பவருக்குத் தெளிந்த நீர். பின்னால் குடிப்பவருக்குச் சேறு.

முதலில் குடிப்பது யார்? தினமும் இதே சண்டைதான். காட்டுப்பன்றி முட்டியது. முள்ளம்பன்றி குத்தியது. ஒரு நாள் நெரிசலில் மான்குட்டி ஒன்று மிதிபட்டுச் செத்தே போனது. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கொஞ்சம் வெட்கம் வந்தது.

அப்போது ஆள்காட்டிக் குருவி ஒரு மேட்டில் ஏறி நின்று கத்தியது.

“இனிமே சண்டை வேண்டாம்! தினமும் சாயங்காலம் ரெண்டு கட்சியா பிரிஞ்சு சடுகுடு ஆடுவோம். ஜெயிச்ச கட்சி முதல்ல குடிக்கட்டும். தோத்த கட்சி அப்புறம் குடிக்கட்டும்!”

“நடுவர் யாரு?” என்று கேட்டது நரி.

“நான்தான். எனக்கு ஒரு சொட்டு கிடைச்சா போதும். எந்தக் கட்சியும் எனக்குச் சொந்தமில்ல.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காய்ந்த ஏரியில் கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கிழக்குக் கட்சி. அந்தப் பக்கம் மேற்குக் கட்சி. தினமும் புதிதாக ஆள் பிரித்தார்கள்.

ஆனால் காட்டு மிருகங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா, மணி அடித்ததும் வந்து மணி அடித்ததும் போக? ஒருவர் பாதி ஆட்டத்தில் வருவார். ஒருவர் பாதி ஆட்டத்தில் போவார். சிறுத்தை வாசம் அடித்தது என்று மான் ஓடும். குட்டி அழுகிறது என்று முயல் நழுவும். ஒரு பக்கம் கூட்டமாக இருக்கும், இன்னொரு பக்கம் ஈ ஓட்டும்.

அதற்கும் ஆள்காட்டி ஒரு சட்டம் வைத்திருந்தது.

“கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தலை எண்ணிக்கை சமமா இருக்கணும். ஆள் குறைஞ்சா, கூடின பக்கத்திலேருந்து ஒருத்தர் தாண்டிப் போகணும்!”

நல்ல சட்டம். கேட்கவே இனிக்கிறது. தாண்டிப் போவது யார் என்பதில்தான் வந்தது வம்பு.

“முள்ளம்பன்றி, நீ அந்தப் பக்கம் போ!”

“நானா? தோக்கிற கட்சிக்கா? அதுக்கு நான் வீட்டுக்கே போயிடுவேன்!”

“மானே, நீயாவது போயேன்!”

“என்னை மாத்தினா நாளையிலேருந்து நான் வரமாட்டேன்!”

ஆள்காட்டி சுற்றிலும் பார்த்தது. உடும்பு பேசாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் வளை ஏரிக்கரையிலேயே இருந்தது. அது எங்கேயும் ஓடாது. பிடித்தால் விடாது. ஆட்டம் தொடங்கும்போது முதலில் வருவதும் அதுதான், முடிந்த பிறகு கடைசியாகப் போவதும் அதுதான்.

“அந்தப் பக்கம் போங்க, உடும்பக்கா!” என்றது ஆள்காட்டி.

உடும்பு போனது. அன்று தோற்றது. சேறு குடித்தது.

“நீங்க இருக்கிறதாலதான்க்கா இந்த ஆட்டமே நடக்குது!” என்றது ஆள்காட்டி.

உடும்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவம், அதுவும் லேசான தலைக்கனம் உள்ள ஜீவன்தான். மறுநாளும் கோடு தாண்டியது. அதற்கு மறுநாளும் தாண்டியது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு கட்சி ஜெயிக்கப் பார்க்கிறது என்றால் உடும்பு அதில் இருக்காது. அப்படி ஒரு சாபம்!

உடும்பின் பிடியை யாராலும் உதற முடியாது. பாடிக்கொண்டு வந்த பன்றியின் பின்னங்காலை அது கவ்வினால், பன்றியின் மூச்சுதான் போகும், பிடி போகாது. அது பிடித்த பிடியெல்லாம் முதலில் இருந்த கட்சியின் கணக்கில் சேர்ந்தது. குடித்ததோ, பிறகு போன கட்சியின் சேறு.

இதையெல்லாம் நரி கவனித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதன் கட்சி தோற்கும்போல் தெரிந்தது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டது.

“ஐயோ, வயிறு வலிக்குது! நான் கிளம்புறேன்!”

புதருக்குப் பின்னால் போனது. செம்மண்ணில் புரண்டது. ஒன்றும் தெரியாததுபோல் மறுபக்கமாக நடந்து வந்தது.

“வணக்கங்க! நான் மலைக்கு அந்தப் பக்கத்து நரி. தாகமா இருக்கு. ஆட்டத்துல சேர்ந்துக்கலாமா?”

“தாராளமா! எந்தக் கட்சி வேணும்?”

புதிதாக வருகிறவர்கள் கட்சியைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். அதுவும் ஆள்காட்டியின் சட்டம்தான். நரி, ஜெயிக்கிற கட்சியைக் காட்டியது. அங்கே இரண்டு தலை கூடிவிட்டது.

“உடும்பக்கா, அந்தப் பக்கம்…”

உடும்பு நாக்கை நீட்டிக் காற்றை நக்கியது. உடும்பின் நாக்குக்குத் தப்பிய வாசனை கிடையாது.

“தம்பி, இவன் நம்ம நரிதான். மத்தியானம் தின்ன நண்டு வாசம்கூட இன்னும் போகல!”

“அக்கா, வாசனையை வச்சு எப்படி ஆளைச் சொல்றது? செகப்பா வந்திருக்கான், புதுசாத்தான் தெரியுது.”

“உனக்கே தெரியும் தம்பி. ஏன் தெரியாத மாதிரி பேசுற?”

ஆள்காட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டது.

“தெரியும்க்கா. கேட்டா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான். அவன் பின்னால இன்னும் சில பேர் போவாங்க. ஆட்டத்துக்கு வராதவங்க நேரா குழிக்கில்ல சண்டைக்கு வருவாங்க? நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கக்கா. தலை எண்ணிக்கை சமமாயிட்டா நியாயம் சரியாப் போச்சு.”

உடும்பு அனுசரித்துப் போனது. நரி தெளிந்த நீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. மறுநாளிலிருந்து செம்மண்ணில் புரள நரியோடு குள்ளநரியும் காட்டுப்பூனையும் சேர்ந்துகொண்டன. அந்தப் புதருக்குப் பின்னால் தரையே தேய்ந்துவிட்டது.

இதற்கிடையில் உடும்பின் வீட்டுக்காரரை ஒரு வேட்டைநாய் இடுப்பில் கடித்துவிட்டது. அவரால் வளையைவிட்டு நகர முடியவில்லை. உடும்பு தினமும் ஆட்டம் முடிந்ததும் ஒரு வாய்த் தண்ணீரை அடக்கிக்கொண்டு போய் அவர் வாயில் விட்டது. தண்ணீர் என்று பெயர்தான். பாதிக்குமேல் சேறு. அவர் இருமி இருமித் துப்பினார். காயம் புரையோடியது. உடம்பு கொதித்தது.

“ஏ புள்ள, நீதான் எல்லாரையும்விட நல்லாப் பிடிக்கிறியாமே?”

“ஆமாங்க.”

“அப்புறம் ஏன் தினமும் தோத்துட்டு வர்ற?”

உடும்பு என்ன சொல்லும்? நான் இருப்பதால்தான் ஆட்டமே நடக்கிறது என்றா சொல்லும்? அந்தப் பெருமை வாய்க்குள் சேறாகக் கரகரத்தது.

“நாளைக்கு ஒரு வாய் தெளிஞ்ச தண்ணி கொண்டு வாடி. ஒரே ஒரு வாய். அது போதும்” என்றார் அவர்.

மறுநாள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உடும்பு ஆள்காட்டியிடம் போனது.

“தம்பி, என் வீட்டுக்காரர் பொழைக்கிறது உன் கையிலதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என்னைக் கட்சி மாத்தாத. நான் ஜெயிச்சுக் குடிச்சுக்கறேன். ஓசியில கேக்கல.”

ஆள்காட்டியின் கண் கலங்கிவிட்டது. அதுவும் நல்ல மனசுக்காரக் குருவிதான். கெட்டவர்களால் வரும் கேடு கொஞ்சம், இந்த மாதிரி நல்லவர்களால் வரும் கேடு அதிகம்.

“சத்தியமா மாத்த மாட்டேன்க்கா! நம்பி ஆடுங்க!”

உடும்பு கிழக்குக் கட்சியில் ஆடியது. அன்றைக்கு அது ஆடிய ஆட்டத்தை அந்தக் காடு அதற்கு முன்பு பார்த்ததில்லை. “சடுகுடு சடுகுடு” என்று மூச்சுக்கட்டி வந்த பன்றியை ஒரே கவ்வில் கவிழ்த்தது. முயலை மடக்கியது. தன் வாலாலேயே குள்ளநரியை வளைத்துப் போட்டது. மேற்குக் கட்சியில் பாதிப்பேர் ஆட்டமிழந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான். குழியில் தெளிந்த நீர் பளபளத்தது. உடும்பு அதையே பார்த்தது.

மேற்குக் கட்சியில் இருந்த நரிக்கு வயிறு வலித்தது.

புதருக்குள் போனது. சிவப்பாக வந்தது.

“வணக்கங்க! நான் மலைக்கு அந்தப் பக்கத்து…”

“எந்தக் கட்சி?”

“கிழக்கு!”

கிழக்கில் இரண்டு தலை கூடியது. மேற்குக் கட்சி கூச்சல் போட்டது.

“எண்ணிக்கை சரியில்ல! ஆளை அனுப்பு! இல்லேன்னா நாங்க எல்லாரும் கிளம்புறோம்!”

ஆள்காட்டி முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. மானைப் பார்த்தது. மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நரியைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் போதும், அந்த ஒரு நொடியில் எல்லாம் சரியாகியிருக்கும். கடைசியில் அதன் கண் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது.

“அக்கா…”

“சத்தியம் பண்ணினியே, தம்பி!”

“பண்ணினேன்க்கா. ஆனா வேற யாரைச் சொன்னாலும் போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் போகமாட்டீங்க.”

“அதனால?”

“அதனாலதான்க்கா உங்களைச் சொல்றேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்க வேண்டாமா?”

“ரெண்டு பக்கமும் சமம்தான். எனக்கு எங்கே தம்பி சமம்?”

ஆள்காட்டி தரையைக் கிளறியது. எல்லோரும் காத்திருந்தார்கள். உடும்பு கோடு தாண்டியது.

தாண்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் பழகிய கால் அது, சொன்னவுடன் தூக்கிவைத்துவிட்டது. அதை நினைத்து நினைத்துத்தான் பின்னால் அந்த உடும்பு தன்னையே கடிந்துகொண்டது.

கிழக்குக் கட்சி ஜெயித்தது. நரி முகத்தில் வழிந்த செம்மண் கரையக் கரையக் குடித்தது. கடைசியில் உடும்பு குழிக்குள் தலையை விட்டது. சேறுதான் இருந்தது. முடிந்தவரை மேலாக உறிஞ்சி, வாயை இறுக மூடிக்கொண்டு, விழுந்தடித்து வளைக்கு ஓடியது.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடியே கிடந்தார். உடும்பு அவர் வாயில் நீரை விட்டது. அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. அவர் துப்பக்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். உடும்பும் வந்தது. அதன் முகத்தைப் பார்த்தும் யாரும் விசாரிக்கவில்லை. ஆட்டம் நடந்தது. கொஞ்ச நேரத்தில் முயல் நழுவியது, நரி சிவந்தது, தலை கூடியது.

“அந்தப் பக்கம் போங்க, உடும்பக்கா!”

உடும்பு நடந்தது. கோட்டைத் தாண்டியது. மேற்குக் கட்சியையும் தாண்டியது. கரையை நோக்கி நடந்துகொண்டே இருந்தது.

“அக்கா! எங்கே போறீங்க?”

“எல்லாரும் போறாங்களே, அங்கேதான்.”

“நீங்க போனா எண்ணிக்கை?”

உடும்பு கரையேறித் தன் வளைக்குள் புகுந்துகொண்டது.

“வேற யாராவது போங்க!” என்று ஆள்காட்டி கதறியது. “முள்ளம்பன்றி, நீ போ! மானே, நீ போ!” யாரும் அசையவில்லை. “அப்போ ஆட்டம் கிடையாது!” என்றது பன்றி. நேரே குழிக்கு ஓடியது. முள்ளம்பன்றி அதன் மேல் பாய்ந்தது. நரி நடுவில் புகுந்தது. கொம்பும் முள்ளும் பல்லும் குளம்பும் ஒரு குழிக்குள் கட்டிப் புரண்டன. குழியின் கரை சரிந்தது. ஊற்றுக்கண்ணில் மண் விழுந்து அடைத்துக்கொண்டது.

விடிந்தபோது குழி இருந்த இடத்தில் ஈரமண் மட்டும் இருந்தது. வெயில் ஏறியதும் அதுவும் காய்ந்தது. வந்து போய்ப் பழகியவர்கள் வேறு காட்டுக்குப் போனார்கள். நரி அங்கேயும் ஏதாவது ஒரு மண்ணில் புரண்டிருக்கும்.

ஆள்காட்டிக்கு அந்த ஒரு சொட்டும் இல்லை. அது தொண்டை வறண்டு உடும்பின் வளை வாசலுக்கு வந்தது.

“அக்கா, நீங்க தோண்டினா ஊற்று மறுபடியும் கிடைக்கும். ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம். இனிமே நரியைக் கண்டிக்கிறேன். உங்களை மாத்தவே மாட்டேன்!”

உள்ளேயிருந்து உடும்பின் குரல் கேட்டது.

“இங்கே இப்போ யாருக்கும் தாகம் இல்ல, தம்பி. நீ அந்தப் பக்கம் போ.”

வந்து போகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று, விட்டுப் போகாதவரின் பங்கைப் பிடுங்கிக் கணக்கைச் சமன் செய்வது நியாயம் ஆகாது. அவரும் எழுந்து போகிற நாளில் ஆட்டமும் மிஞ்சாது, தண்ணீரும் மிஞ்சாது.