ஏழுக்கு அடுத்த மாடி

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. கேட்டபோது உண்டான அதிர்ச்சியைத் தாங்க முடியாமல்தான் சந்தேகப்பட்டேனோ, தெரியவில்லை.

சொன்னவர் இளம்பரிதி. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாடி எண், வீட்டு எண், லிஃப்ட் எந்தப் பக்கம், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று காட்டும் பலகைகளை வடிவமைப்பவர். தொழிலைக் கற்றது வடிவு அக்காவிடம்.

இளம்பரிதி தனியாக எடுத்துச் செய்த முதல் கட்டிடத்தில் எட்டாவது மாடி கிடையாது. எட்டு சனியின் எண், வீடு விற்காது என்றார் கட்டியவர். ஏழுக்கு அடுத்த மாடியில் ஒன்பது என்று பித்தளை எண்ணைப் பதித்தார் இளம்பரிதி. அந்த ஒன்பதிலேயே ஒரு வீடு வாங்கி, நடக்க முடியாத தன் அம்மாவோடு குடிவந்தார்.

பார்க்க வந்த அக்கா, லிஃப்டின் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எட்டு எங்க போச்சு தம்பி?”

“எட்டுன்னு போட்டா யாருக்கா குடிவருவா?”

“நான் இருக்கிறதே எட்டாம் நம்பர் வீடுதான்.”

“அதான் இன்னும் வாடகை வீட்டுலயே இருக்கீங்க.”

அக்கா சிரித்துவிட்டார்.

“சொல்லுங்கக்கா. ஒரு நம்பர் இல்லாததால யாருக்கு என்ன கெடுதல்?”

அக்கா அவர் பக்கம் திரும்பினார். “அடுத்த வாரம் இங்க தீயணைப்பு ஒத்திகைன்னு கீழ ஒட்டியிருக்கே. உன் வீட்டுல தீன்னு வச்சுக்கச் சொல்லு. நானும் வரேன்.”

ஒத்திகை அன்று வாசலில் அக்காவின் பக்கத்தில் நின்று இளம்பரிதி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். “ஒன்பதாவது மாடி. மேற்குப் பக்கம் கடைசி வீடு. அம்மா தனியா இருக்காங்க. நடக்க முடியாது.”

ஏணி வண்டி வந்தது. அதிகாரி அண்ணாந்து பார்த்தார். வேடிக்கை பார்க்க எல்லா பால்கனிகளிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் கையாட்டினார்கள். அவர் விரலை நீட்டி, தரைத்தளத்தை விட்டுவிட்டு, மாடி மாடியாக எண்ணினார். ஏணி நீண்டது.

அது இளம்பரிதியின் வீட்டைத் தாண்டிப் போனது. வீரர் அடுத்த மாடி பால்கனியில் குதித்து, அங்கே பனியனோடு நின்ற ஒருவரை விலக்கிவிட்டு உள்ளே ஓடினார். அதற்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது. தன்னைத் தாண்டி ஏறிப்போன பூட்ஸுகளை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம்பரிதி மேலே கைகாட்டினார்.

“அக்கா, அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாதா?”

“அவர் சரியாத்தான் எண்ணினார் தம்பி.”

எப்போது சொன்னாலும் இளம்பரிதி இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார். போன மாதம் அவரைப் பார்த்தபோது, அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றார். அப்போதுதான் கேட்டேன்.

“அந்த லிஃப்டில் இப்போது எட்டு இருக்கிறதா?”